ராணுவத் தொழில்நுட்ப ஆய்வு: சிறு நிறுவனங்களுக்கு அரசு நிதி கிடைப்பது எப்படி?

புது தில்லி: ராணுவத்துக்கென ஒரு கருவியை வடிவமைக்க முனையும் சிறு நிறுவனத்துக்கு உள்நாட்டில் வாடிக்கையாளர் ஒருவர்தான். அந்த ஒருவர் வாங்க மறுத்தால் பொருளைக் கொண்டுபோய் விற்பதற்கு வேறு கடைத்தெரு இல்லை. வெளிநாட்டுக்கு அனுப்புவதானாலும் அரசின் அனுமதி வேண்டும். விற்பனை உறுதியில்லாத பொருளின் ஆய்வுச் செலவுக்கு எந்த வங்கியும் எளிதில் கடன் தருவதில்லை. ஆகவேதான், நெடுங்காலமாக இந்தியாவின் சிறு தொழிற்கூடங்கள் பொதுத்துறை நிறுவனங்கள் கொடுக்கும் வரைபடத்தின்படி உதிரிபாகம் கடைந்து தருவதோடு நின்றுவிட்டன. வரைபடத்தையே தாமாக வரையும் துணிவு அவற்றுக்கு வரவில்லை என்பதைவிட, அதற்கான செலவைத் தாங்கும் வழி இல்லை என்பதே உண்மை.

இந்த நிலையை மாற்றும் நோக்கத்துடன் மத்திய அரசு கொண்டுவந்ததே 'ஐடெக்ஸ்' எனப்படும் பாதுகாப்புத் துறைக்கான புத்தாக்கத் திட்டம். சென்னையை அடுத்த திருவிடந்தையில் 2018 ஏப்ரலில் நடைபெற்ற பாதுகாப்புத் தளவாடக் கண்காட்சியைத் தொடங்கிவைத்த பிரதமர் நரேந்திர மோடி, அதே மேடையில் இத்திட்டத்தையும் தொடங்கிவைத்தார். அதன்பின் ஏழு ஆண்டுகளில் திட்டம் பல கிளைகளாக விரிந்துள்ளது. மானியத்தின் உச்சவரம்பு ரூ.1.5 கோடியிலிருந்து ரூ.25 கோடி வரை உயர்ந்திருக்கிறது. ஆயினும், மானியம் பெற்று முன்மாதிரியைச் செய்து முடித்த நிறுவனங்களுள் எத்தனைக்கு முப்படைகளிடமிருந்து கொள்முதல் ஆணை கிடைத்தது என்ற கேள்விதான் இன்று இத்துறையில் முதன்மையாகப் பேசப்படுகிறது.

நிதியை வழங்குவது யார்?

ஐடெக்ஸ் திட்டத்தை நடத்துவது பாதுகாப்புப் புத்தாக்க அமைப்பு. கம்பெனிகள் சட்டத்தின் 8ஆவது பிரிவின்கீழ் 2017இல் பதிவு செய்யப்பட்ட, லாப நோக்கமற்ற நிறுவனம் இது. பொதுத்துறை நிறுவனங்களான ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸும் பாரத் எலெக்ட்ரானிக்ஸும் இதன் நிறுவன உறுப்பினர்கள். தொடக்க மூலதனத்தை அளித்தவையும் அவையே. பாதுகாப்பு அமைச்சகத்தின் உற்பத்தித் துறை இதன் மேற்பார்வையாளர். அமைச்சகத்துக்குள்ளேயே ஒரு பிரிவாக வைக்காமல் தனி நிறுவனமாக அமைத்ததற்குக் காரணம் உண்டு. அரசுக் கோப்புகளின் வேகம் புத்தொழில் நிறுவனங்களின் வேகத்தோடு ஒத்துப்போவதில்லை என்பது அப்போதே உணரப்பட்டிருந்தது.

2021 ஜூனில், அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கு ரூ.498.8 கோடி நிதியுதவிக்குப் பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் ஒப்புதல் அளித்தார். ஏறத்தாழ 300 புத்தொழில் நிறுவனங்கள், குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள், தனிப்பட்ட கண்டுபிடிப்பாளர்கள் ஆகியோரையும், 20 தொழில் ஊக்குவிப்பு மையங்களையும் ஆதரிப்பது அப்போதைய இலக்கு. 2025-26 நிதிநிலை அறிக்கையில் இத்திட்டத்துக்கு, அதன் துணைத் திட்டமான 'அதிதி'யையும் சேர்த்து, ஒரே ஆண்டுக்கு ரூ.449.62 கோடி ஒதுக்கப்பட்டது.

இத்தொகை பெரிதா, சிறிதா என்பது எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்தது. அதே ஆண்டில் பாதுகாப்பு அமைச்சகத்துக்கான மொத்த ஒதுக்கீடு ரூ.6.81 லட்சம் கோடி. அதாவது, பாதுகாப்புக்காகச் செலவிடப்படும் ஒவ்வொரு லட்சம் ரூபாயிலும் 66 ரூபாய் மட்டுமே இத்திட்டத்துக்குப் போகிறது. டிஆர்டிஓ எனப்படும் பாதுகாப்பு ஆராய்ச்சி, மேம்பாட்டு அமைப்புக்கான ரூ.26,816.82 கோடியுடன் ஒப்பிட்டாலும், இது இரண்டு சதவீதத்துக்கும் குறைவே.

சவாலில் தொடங்கி ஒப்பந்தம் வரை

ஐடெக்ஸின் அடிப்படை அலகு 'சவால்' எனப்படுகிறது. தரைப்படையோ கடற்படையோ விமானப்படையோ தனக்குள்ள ஒரு குறையைத் தீர்க்கப்பட வேண்டிய சிக்கலாக வரையறுத்து வெளியிடும். தகுதியுள்ள நிறுவனங்கள் அதற்குத் தீர்வை முன்மொழிந்து விண்ணப்பிக்கும். முதல் சுற்று 2018 ஆகஸ்டில் பெங்களூருவில் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் நிர்மலா சீதாராமனால் அறிவிக்கப்பட்டது. அதில் இடம்பெற்றவை 11 சவால்கள். பீரங்கி வண்டிக்குள் அமர்ந்திருக்கும் வீரர் அதன் கவசத்தை ஊடுருவிப் பார்ப்பதுபோல் வெளிப்புறத்தைக் காண உதவும் கருவி, போர்க்களத்துக்கான 4ஜி தகவல் தொடர்பு வலையமைப்பு, ஆளில்லா நீர்மேல் - நீரடிக் கலங்கள் போன்றவை அவற்றுள் சில.

விண்ணப்பிக்கத் தகுதியுடையோர் மூன்று வகையினர்: தொழில் ஊக்குவிப்பு மற்றும் உள்நாட்டு வர்த்தகத் துறையின் அங்கீகாரம் பெற்ற புத்தொழில் நிறுவனங்கள், சட்டப்படி குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களாகப் பதிவு பெற்றவை, தனிப்பட்ட கண்டுபிடிப்பாளர்கள். இவற்றுள் இரண்டாவது வகைக்கான வரம்பு 2025 ஏப்ரல் 1 முதல் விரிவாக்கப்பட்டுள்ளது. இப்போது ரூ.125 கோடி வரை முதலீடும், ரூ.500 கோடி வரை ஆண்டு விற்றுமுதலும் உள்ள நிறுவனம்கூட 'நடுத்தர' நிறுவனமே. ஆகவே, இத்திட்டத்தில் 'சிறு' என்ற சொல்லுக்குள் ஐந்து பொறியாளர்கள் சேர்ந்து வாடகை அறையில் நடத்தும் நிறுவனமும், பல நூறு தொழிலாளர்களைக் கொண்ட ஆலையும் அருகருகே நிற்கின்றன என்பதை வாசகர் மனத்தில் கொள்ள வேண்டும்.

விண்ணப்பங்களைச் சலித்தெடுத்து, தேர்வானவர்களுக்கு வழிகாட்டும் பொறுப்பு பங்காளர் ஊக்குவிப்பு மையங்களுக்கு உரியது. சென்னை ஐஐடியின் மையம், கோயம்புத்தூரின் ஃபோர்ஜ், ஹைதராபாதின் டி-ஹப் முதலியவை இவ்வரிசையில் உள்ளன. இறுதித் தேர்வை உயர்நிலைத் தேர்வுக் குழு செய்கிறது. ஒரே சவாலுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தேர்வு பெறுவதும் உண்டு. அவை தத்தம் வழியில் முன்மாதிரியைச் செய்யும். எது படைக்குப் பொருந்துகிறது என்பது பின்னரே தெரியவரும். இது அரசின் கோணத்தில் அறிவுடைமை. தோற்கும் நிறுவனத்தின் கோணத்திலோ இரண்டாண்டு உழைப்பின் இழப்பு.

படைவீரர்களே முன்வைக்கும் கண்டுபிடிப்புகளுக்கு இடமளிக்கும் தனிப் பிரிவு ஒன்றும் 2020 செப்டம்பரில் சேர்க்கப்பட்டது. பனிமலைக் காவலில் நிற்பவர் தன் கையுறையின் குறையை அறிந்த அளவுக்கு எந்த ஆய்வகமும் அறியாது என்ற எளிய உண்மையே அதற்கு அடிப்படை.

பாதிச் செலவு நிறுவனத்துடையது

மானியம் என்றதும் முழுச் செலவையும் அரசே ஏற்கிறது என்று கருதிவிடக் கூடாது. 'ஸ்பார்க்' எனப்படும் தொடக்க மானியத்தின் உச்சவரம்பு ரூ.1.5 கோடி. நிறுவனமும் தன் பங்காக அதற்கு ஈடான தொகையைச் செலவிட வேண்டும். முன்மாதிரிக்கு ரூ.3 கோடி ஆகுமெனில் பாதி அரசுடையது, பாதி நிறுவனத்துடையது. செலவு ரூ.4 கோடியாகிவிட்டால், கூடுதலான ஒரு கோடியும் நிறுவனத்தின் தலையிலேயே விழும். பணமும் ஒரே தவணையில் வருவதில்லை. வடிவமைப்பு, உட்கூறுகளின் சோதனை, முழுக் கருவியின் செயல்விளக்கம் என ஒப்பந்தத்தில் குறிக்கப்பட்ட கட்டங்களை எட்ட எட்ட, தவணை தவணையாக விடுவிக்கப்படுகிறது.

பெரிய கருவிகளுக்கு ரூ.1.5 கோடி போதாது என்பது விரைவிலேயே தெளிவானது. 2022 ஏப்ரலில் 'ஐடெக்ஸ் பிரைம்' என்ற பிரிவு ரூ.10 கோடி வரம்புடன் வந்தது. 2024 மார்ச் 4 அன்று புது தில்லியில் ராஜ்நாத் சிங் தொடங்கிவைத்த 'அதிதி' இந்த வரம்பை ரூ.25 கோடியாக்கியது. 2023-24 முதல் 2025-26 வரையிலான மூன்று நிதியாண்டுகளுக்கு ரூ.750 கோடி மதிப்பில் அமைந்த இத்திட்டம், ஏறத்தாழ 30 முக்கியத் தொழில்நுட்பங்களை உருவாக்குவதை இலக்காகக் கொண்டது. செயற்கைக்கோள், குவாண்டம், செயற்கை நுண்ணறிவு, நீரடித் தொழில்நுட்பம் போன்ற, பலன் தெரியப் பல ஆண்டுகள் பிடிக்கும் துறைகள் இதில் முன்னிறுத்தப்பட்டன. இங்கும் மேம்பாட்டுச் செலவில் பாதிக்கு மேல் அரசு தராது. ரூ.25 கோடி மானியத்தை முழுமையாகப் பெற விரும்பும் நிறுவனம் மற்றொரு ரூ.25 கோடியைத் திரட்டிக்காட்ட வேண்டும் என்பதால், தனியார் முதலீட்டாளரின் துணையின்றி இதில் இறங்குவது அரிது.

டிஆர்டிஓ வழியாக நடத்தப்படும் தொழில்நுட்ப மேம்பாட்டு நிதியம் வேறு வகையைச் சார்ந்தது. அதில் திட்டச் செலவில் 90 சதவீதம் வரை மானியம் கிடைக்கும். ஒரு திட்டத்துக்கான வரம்பு 2022இல் ரூ.10 கோடியிலிருந்து ரூ.50 கோடியாக உயர்த்தப்பட்டது. கையிருப்பு குறைந்த நிறுவனங்களுக்கு இதுவே ஏற்றதாகத் தோன்றலாம். ஆனால் இங்கு உருவாகும் அறிவுசார் சொத்துரிமை நிறுவனத்துக்கும் டிஆர்டிஓவுக்கும் கூட்டாக உரியது. மேலும், எது தேவை என்பதைப் பெரும்பாலும் டிஆர்டிஓவின் ஆய்வகங்களும் படைகளும்தான் வகுக்கின்றன. பணம் அதிகம் வேண்டுமா, உரிமை அதிகம் வேண்டுமா என்ற தேர்வு நிறுவனத்தின் கையில் விடப்படுகிறது எனலாம்.

இவற்றுக்கு அப்பால், பாதுகாப்புக் கொள்முதல் நடைமுறை 2020இன்கீழ் 'மேக்-1', 'மேக்-2' என்ற இரு வழிகள் உள்ளன. முதலாவதில் முன்மாதிரிச் செலவில் 70 சதவீதம் வரை, ரூ.250 கோடி உச்சவரம்புக்கு உட்பட்டு, அரசு ஏற்கும். இது பெரும்பாலும் பெரு நிறுவனங்களின் களம். இரண்டாவதில் அரசின் நிதி ஒரு ரூபாய்கூட இல்லை. வெற்றி பெற்றால் வாங்குவோம் என்ற உறுதி மட்டுமே உண்டு.

முன்மாதிரிக்கும் ஆணைக்கும் இடையே

பாதுகாப்பு அமைச்சகம் வெளியிட்ட விவரங்களின்படி, 2025 பிப்ரவரி வரை 549 சவால்கள் அறிவிக்கப்பட்டு, 619 நிறுவனங்கள் அவற்றில் பங்கேற்று, 430 ஒப்பந்தங்கள் கையெழுத்தாகியிருந்தன. 250ஆவது ஒப்பந்தம் 2023 ஜூலையில்தான் கையெழுத்தானது என்பதை நினைத்தால், பெருகிய வேகம் புரியும். ஆனால் இவை யாவும் முன்மாதிரியைச் செய்து தருவதற்கான ஒப்பந்தங்கள். படைகள் எண்ணிக்கையில் வாங்கும் கட்டத்தை எட்டிய பொருள்கள் சில பத்துகளே.

இந்த இடைவெளிக்கு யாரையும் தனித்துக் குறை சொல்ல இயலாது. ஆய்வு என்றாலே சில முயற்சிகள் தோற்கும். அண்மையில் கையெழுத்தான ஒப்பந்தங்களின் பணி இன்னும் முடியவில்லை. ஆயினும், வெற்றிகரமாக முடிந்த முன்மாதிரியும் காத்துக்கிடக்கிறது என்பதுதான் சிக்கல். ஒரு படைத் தளத்தில் நன்றாக இயங்கிக் காட்டிய கருவி, பாலைவனத்தின் வெயிலிலும் லடாக்கின் குளிரிலும் இயங்குமா என்று பார்க்க வேண்டும். மின்னணுக் கருவியானால், முப்படைகளுக்கும் பொதுவான ஜேஎஸ்எஸ் 55555 என்ற தரநிர்ணயத்தின்படி வெப்பம், ஈரப்பதம், தூசி, உப்புக்காற்று, அதிர்வு ஆகியவற்றில் தேற வேண்டும். பிறகு, அது எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும் என்ற தர வரையறைகளைப் படைத் தலைமையகம் இறுதி செய்ய வேண்டும். தேவைக்கான ஒப்புதல் கிடைக்க வேண்டும். விலை பேசி முடிக்க வேண்டும். இவ்வளவு காலமும் பொறியாளர்களுக்கு மாதச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். மானியமோ முன்மாதிரியுடன் முடிந்துவிட்டது. வழக்கமான கொள்முதலில் களச் சோதனைக்கான செலவு முழுவதும் விற்பவருடையது. சோதனையில் தேறினாலும் வாங்கியே தீருவோம் என்ற உறுதியும் அங்கில்லை. ஒரு பெரு நிறுவனத்துக்கு லாரி வாடகையாகப் போகும் தொகை, சிறு நிறுவனத்துக்கு ஒரு காலாண்டின் சம்பளப் பட்டியல்.

இதை அரசும் அறியாமல் இல்லை. 2022 மார்ச் 22 அன்று கூடிய பாதுகாப்புக் கொள்முதல் கவுன்சில், ஐடெக்ஸ் நிறுவனங்களிடமிருந்து ரூ.380.43 கோடி மதிப்பில் 14 பொருள்களை வாங்குவதற்குத் தேவை ஒப்புதல் அளித்தது. அதே கூட்டத்தில், இந்நிறுவனங்களுக்கென எளிமையாக்கப்பட்ட தனி நடைமுறையும் ஏற்கப்பட்டது. அதன்படி, தேவை ஒப்புதலிலிருந்து ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரையான காலம் ஏறத்தாழ 22 வாரங்கள். ஆண்டுக்கணக்கில் நீளும் வழக்கமான கொள்முதலுடன் ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம்தான். ஆனால் 22 வாரக் கணக்கு தேவை ஒப்புதல் கிடைத்த நாளிலிருந்தே தொடங்குகிறது. முன்மாதிரி முடிந்த நாளுக்கும் அந்த ஒப்புதலுக்கும் இடைப்பட்ட காலம் இக்கணக்கில் சேர்வதில்லை. நிறுவனங்களை வாட்டுவது அந்தக் காலமே.

பிற்காலத்தில் வெளியான சவால் அறிவிப்புகள் பலவற்றில், முன்மாதிரி வெற்றி பெற்றால் படைகள் குறைந்தபட்சம் எத்தனை வாங்கும் என்ற அளவும் குறிப்பிடப்படுகிறது. மானிய வரம்பை உயர்த்தியதைவிட இதுவே முக்கியமான மாற்றம் என்று கருத இடமுண்டு. எண்ணிக்கை தெரிந்தால்தான் நிறுவனம் விலையைக் கணக்கிட முடியும். முதலீட்டாளரிடம் நம்பிக்கையுடன் பேசவும் முடியும். 2025 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய பாதுகாப்புக் கொள்முதல் கையேடும் இதே திசையில் செல்கிறது. 2009ஆம் ஆண்டுக் கையேட்டுக்கு மாற்றாக வந்த இது, படைகளின் அன்றாட வருவாய்ச் செலவினக் கொள்முதலுக்கு உரியது. மேம்பாட்டுக் கட்டத்தில் நேரும் தாமதத்துக்கு அபராதம் இல்லை என்றும், உள்நாட்டில் உருவாக்கப்பட்ட பொருள்களுக்கு ஐந்தாண்டு வரை கொள்முதல் உறுதி அளிக்கலாம் என்றும் அது கூறுகிறது. இதுவரை செய்திராத ஒன்றைச் செய்யும்போது காலக்கெடு தவறுவது இயல்பு என்பதை அரசின் கையேடு ஒன்று ஒப்புக்கொண்டிருப்பது குறிப்பிடத்தக்கது.

கடலிலும் வானிலும் சில எடுத்துக்காட்டுகள்

படைகளுள் கடற்படை இத்திட்டத்தை முனைப்புடன் பயன்படுத்திக்கொண்டது எனலாம். 2022 ஜூலை 18 அன்று புது தில்லியில் நடந்த கருத்தரங்கில் 'ஸ்பிரின்ட்' என்ற பெயரில் கடற்படைக்கான 75 சவால்களைப் பிரதமர் வெளியிட்டார். விடுதலையின் 75ஆம் ஆண்டையொட்டி, குறைந்தது 75 உள்நாட்டுத் தொழில்நுட்பங்களைக் கடற்படையில் சேர்ப்பது நோக்கம். இதன்கீழ் 50ஆவது ஒப்பந்தம், ஆயுதம் தாங்கிய தானியங்கிப் படகுக் கூட்டத்தை உருவாக்குவதற்காகப் புனேயைச் சேர்ந்த சாகர் டிஃபென்ஸ் இன்ஜினியரிங் நிறுவனத்துடன் 2023 ஜனவரியில் செய்துகொள்ளப்பட்டது. அந்நிறுவனத்தின் 'மாதங்கி' என்ற ஆளில்லாக் கலம், 2024 அக்டோபர் இறுதியில் மும்பையிலிருந்து தூத்துக்குடி வரையிலான 1,500 கி.மீ. கடற்பயணத்தைத் தொடங்கியது. மீன்பிடிப் படகுகளும் சரக்குக் கப்பல்களும் நெருக்கமாகப் புழங்கும் மேற்குக் கடற்கரையில், மாலுமி இல்லாத கலம் ஒன்று தானே வழியறிந்து செல்வது என்பது ஆய்வகச் சோதனையைவிடக் கடினமான தேர்வு.

பெங்களூருவின் கியூநூ லேப்ஸ் 2016இல் சென்னை ஐஐடி ஆராய்ச்சிப் பூங்காவில் வளர்ந்த நிறுவனம். குவாண்டம் இயற்பியலைப் பயன்படுத்தி ரகசியக் குறியீட்டுச் சாவியைப் பரிமாறும் அதன் தொழில்நுட்பம், சாதாரணக் கண்ணாடி இழை வழியே 150 கி.மீ.க்கும் அதிகமான தொலைவுக்கு இயங்குவது நிறுவப்பட்டதும், 2022 ஆகஸ்டில் தரைப்படை அதற்கான கொள்முதல் நடவடிக்கையைத் தொடங்கியது. இடையில் எவரேனும் ஒட்டுக்கேட்க முயன்றால் அச்செயலே சாவியைக் கலைத்துவிடும் என்பது இம்முறையின் சிறப்பு. சென்னையைச் சேர்ந்த பிக் பேங் பூம் சொல்யூஷன்ஸ், ஐடெக்ஸ் உதவியுடன் உருவாக்கிய ட்ரோன் எதிர்ப்பு அமைப்புக்கு விமானப்படையிடமிருந்தும் தரைப்படையிடமிருந்தும் ரூ.200 கோடிக்கு மேற்பட்ட ஆணைகளை 2024 தொடக்கத்தில் பெற்றது. சில கோடி மானியத்தில் தொடங்கிய பணி பல மடங்கு மதிப்புள்ள ஆணையாக மாறக்கூடும் என்பதற்கு இது சான்று. ஆனால் இத்தகைய நிறுவனங்களின் பெயர்களை விரல்விட்டு எண்ண முடிகிறது என்பதும் உண்மை.

உள்நாட்டுத் தயாரிப்பு என்பதன் பொருளும் இப்போது கூர்ந்து நோக்கப்படுகிறது. தரைப்படை 400 சரக்கு ட்ரோன்களுக்காகச் செய்திருந்த ஒப்பந்தங்கள், அவற்றில் சீன உதிரிபாகங்கள் இருந்ததையொட்டி 2025 பிப்ரவரியில் ரத்து செய்யப்பட்டன. ட்ரோனின் சட்டகத்தையும் மென்பொருளையும் இங்கேயே செய்துவிடலாம். மோட்டார், மின்கலம், பறப்புக் கட்டுப்பாட்டுச் சில்லு ஆகியவற்றுக்கு நம்பகமான உள்நாட்டு மாற்று எளிதில் கிடைப்பதில்லை. மானியம் முழுக் கருவிக்கே செல்கிறது. அதற்குள்ளிருக்கும் சிறு பாகத்தைச் செய்பவரை எட்டுவது குறைவு. எதிரி நாட்டின் சில்லு எதிரியின் காதாகவும் மாறலாம் என்பதால், அடுத்த கட்ட நிதியுதவி பாகங்களின் பக்கம் திரும்ப வேண்டியிருக்கும்.

சோதனைக் கூடங்கள்

கருவியைச் சோதிக்க இடமின்றித் தவிப்பது சிறு நிறுவனங்களின் மற்றொரு பழைய குறை. சோதனைக் கூடங்கள் டிஆர்டிஓ, பொதுத்துறை நிறுவனங்கள், படைகள் ஆகியவற்றின் வசமே இருந்தன. அவற்றின் பணிக்கு நடுவே வெளியாருக்கு நேரம் கிடைப்பது அரிது. 2020 மே மாதம் ரூ.400 கோடி மதிப்பில் தொடங்கப்பட்ட பாதுகாப்புச் சோதனைக் கட்டமைப்புத் திட்டம் இதற்காகவே வந்தது. ஆறு முதல் எட்டு வரையிலான புதிய சோதனை நிலையங்களுக்கு, செலவில் 75 சதவீதம் வரை மத்திய அரசு தரும். எஞ்சியதை நிலையத்தை நடத்தும் கூட்டமைப்பு ஏற்க வேண்டும்.

இதில் தமிழ்நாட்டுக்கு மூன்று நிலையங்கள் கிடைத்துள்ளன. ஆளில்லா வான்கலங்கள், மின்னணுப் போர்முறை, மின்னணு ஒளியியல் ஆகிய மூன்றுக்குமான புரிந்துணர்வு ஒப்பந்தங்கள் பாதுகாப்பு அமைச்சகத்துக்கும் டிட்கோ நிறுவனத்துக்கும் இடையே 2024 ஜூலை 2 அன்று கையெழுத்தாயின. முதலாவதில் கெல்ட்ரானும், இரண்டாவதில் பாரத் எலெக்ட்ரானிக்ஸும், மூன்றாவதில் இந்தியா ஆப்டெலும் தலைமை ஏற்கின்றன. சென்னை, கோயம்புத்தூர், ஓசூர், சேலம், திருச்சிராப்பள்ளி ஆகிய ஐந்து முனையங்களைக் கொண்ட தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் அங்கமாக இவை அமைகின்றன. பம்புசெட்டும் வார்ப்படமும் செய்து பழகிய கோயம்புத்தூரில், தொழில்முனைவோர் சங்கமான கொடிசியா பாதுகாப்புப் புத்தாக்க மையம் ஒன்றை நடத்திவருகிறது. திட்டத்தின் தொடக்கக் காலத்திலேயே இத்தகைய மையத்துக்கு நாசிக்குடன் சேர்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட நகரம் அது.

அமெரிக்க முன்னுதாரணம்

சிறு நிறுவன ஆய்வுக்கு அரசு நிதி என்ற எண்ணம் இந்தியாவில் தோன்றியதன்று. அமெரிக்காவில் 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக எஸ்பிஐஆர் என்ற திட்டம் நிலைபெற்றது. வெளியாருக்கு வழங்கும் ஆய்வு நிதி ஆண்டுக்கு 10 கோடி டாலரைத் தாண்டும் ஒவ்வொரு கூட்டாட்சித் துறையும், அதில் குறைந்தது 3.2 சதவீதத்தைச் சிறு நிறுவனங்களுக்கென ஒதுக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. அதில் பெரும் பங்கு பாதுகாப்புத் துறையுடையது. கருத்து நடைமுறைக்கு ஒத்துவருமா என்று பார்க்க முதல் கட்டமும், முன்மாதிரிக்கு இரண்டாம் கட்டமும் நிதி தருகின்றன. மூன்றாம் கட்டமான விற்பனைக்கு இத்திட்டத்தின் பணம் கிடையாது. ஆனால் முன்கட்டங்களில் வென்ற நிறுவனத்திடம் மீண்டும் போட்டி ஒப்பந்தப்புள்ளி கோராமலேயே அரசுத் துறைகள் வாங்கலாம்.

இந்தியாவில் அத்தகைய சட்ட ஒதுக்கீடு இல்லை. பாதுகாப்பு ஆய்வு நிதியில் 25 சதவீதம் தொழில் துறை, புத்தொழில் நிறுவனங்கள், கல்வி நிறுவனங்கள் ஆகியவற்றுக்குத் திறந்துவிடப்படும் என 2022-23 நிதிநிலை அறிக்கை அறிவித்தது. அதில் சிறு நிறுவனங்களின் பங்கு எவ்வளவு என்று வரையறுக்கப்படவில்லை. ஐடெக்ஸுக்கான தொகையும் ஆண்டுதோறும் தீர்மானிக்கப்படுவதே. அதேவேளையில், சட்டம் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல இயலாது. எஸ்பிஐஆர் திட்டத்துக்கான சட்ட அதிகாரம் உரிய காலத்தில் புதுப்பிக்கப்படாததால் 2025 செப்டம்பர் 30 அன்று காலாவதியானது. புதிய மானியங்களை எதிர்நோக்கியிருந்த அந்நாட்டுச் சிறு நிறுவனங்களும் காத்துக்கிடக்க நேர்ந்தது.

புதிய நிதியம்

இதற்கிடையே, ஆராய்ச்சி, மேம்பாடு, புத்தாக்கம் ஆகியவற்றுக்கான ரூ.1 லட்சம் கோடி திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2025 ஜூலை 1 அன்று ஒப்புதல் அளித்தது. பாதுகாப்பு உள்ளிட்ட முக்கியத் துறைகளில் தனியார் ஆய்வை ஊக்குவிப்பது இதன் நோக்கம். தொகை ஐடெக்ஸைவிடப் பன்மடங்கு பெரியது என்றாலும், இது மானியத் திட்டமன்று. குறைந்த வட்டியில் அல்லது வட்டியில்லாமல் நீண்டகாலக் கடனாகவும், புத்தொழில் நிறுவனங்களுக்குப் பங்கு முதலீடாகவும் பணம் செல்லும். தொழில்நுட்ப முதிர்ச்சியின் ஒன்பது படிகளில் நான்காவது படியையேனும் எட்டிய திட்டங்களுக்கே இது பொருந்தும். அதாவது, ஆய்வகத்தில் ஒருமுறையாவது இயங்கிக் காட்டியிருக்க வேண்டும். கையில் வரைபடம் மட்டுமே உள்ள நிறுவனம் முதலில் ஐடெக்ஸின் கதவைத்தான் தட்ட வேண்டியிருக்கும். முன்மாதிரியை முடித்துவிட்டுக் கொள்முதல் ஆணைக்காகக் காத்திருக்கும் நிறுவனத்துக்கு இக்கடன் ஒரு தாங்குகோல் ஆகலாம். ஆனால் கடனைத் திருப்பிச் செலுத்துவதற்கும் அந்த ஆணையே வந்தாக வேண்டும்.